கழுத்துக்குள் விரியும் குடை

"விற்கவே முடியாத ஒரு பொருளை எந்த மடையனாவது திருடுவானா, தோன்யா?"

கேட்டுக்கொண்டே வில்பெர்த் வண்டியை ஆத்தேனாஸ் மேட்டில் ஏற்றினான். அது ஒரு காலத்தில் டாக்சி. லைசென்ஸை விற்று ஐந்து வருஷமாகிறது. டாக்சிகளுக்கே உரிய சிவப்பு பெயிண்டை மாற்றத்தான் அவனுக்கு மனசு வரவில்லை. கதவில் சுரண்டிய டாக்சி முத்திரையின் மஞ்சள் முக்கோணத் தடம் அப்படியே இருந்தது. ஊரில் பாதிப் பேர் இன்னும் கை காட்டி நிறுத்தினார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் முதலாளி எர்மீனியா உலாத்தே நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தோன்யா என்பது பெண்ணுக்கு மரியாதைச் சொல், ஆணுக்குத் தொன். ஐம்பது வயது. கொயோலில் இருக்கும் மருத்துவக் கருவி ஆலையில் பதினாலு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து உட்கார்ந்திருந்தவள். ஆறு வருஷத்துக்கு முன்னால், போரடிக்கிறது என்று சொல்லி வேலையை உதறிவிட்டு, அலாஹுவேலாவில் ஒரு மருந்துக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். நேற்று அதே ஆலையின் மேலாளர் தொன் ரோனால்த் அர்கேதாஸ் அந்த மாடிப்படி ஏறி வந்திருந்தார். கிடங்கிலிருந்து பன்னிரண்டு பெட்டி காணோம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு குடை.

குடை என்பது ஆலைப் பெண்கள் வைத்த பேர். கழுத்து ரத்தக்குழாய் கொழுப்படைத்துக் குறுகிப்போனவர்களுக்குத் தொடை வழியாகக் கம்பி ஏற்றி, குறுகின இடத்தில் பலூனை ஊதி, ஸ்டென்ட் வைத்து விரிப்பார்கள். அப்போது உதிர்கிற துகள் மூளைக்குப் போனால் ஆள் காலி. அதனால் முதலில் அடைப்பைத் தாண்டி மேலே ஒரு வலைக்குடையை விரித்துவிடுவார்கள். அகலம் பாதி பீன்ஸ் விதைதான். உதிர்வதையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும்; வேலை முடிந்ததும் மடக்கி வெளியே எடுத்துவிடலாம்.

"ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர் இருக்கு. பேப்பர் இல்லாம எந்த ஆஸ்பத்திரியும் தொடாது. அப்ப எதுக்குத் திருடணும்?" என்றாள் எர்மீனியா.

"அக்டோபர் மழை. எறும்புங்களுக்குக் குடை வேணும்னு கேட்டிருக்கும்."

"வில்பெர்த்."

"சரி, வாயை மூடிக்கிறேன். ஆனா நீங்க ஏன் அந்தப் பொண்ணு யோர்லேனியை விட்டீங்க? சனிக்கிழமை காலைல ஆறு அம்பத்திரண்டுக்கு அவ பேட்ஜ்தான் கதவைத் திறந்திருக்கு. தொன் ரோனால்த் அவதான் திருடின்னு கோயில் மணி அடிக்காத குறை."

"சனிக்கிழமை மத்தியானம் அவ அக்காவுக்குக் கல்யாணம். போட்டோவுல நகத்தைப் பாத்தியா? ரத்தச் சிவப்பு, ஜெல் பாலிஷ். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டது. கிடங்குக்குச் சுத்த அறை வழியாத்தான் போகணும், அந்த வாசல்ல ஒருத்தி உக்காந்து ஒவ்வொரு கையா பாக்கறா. நிறமில்லாத பாலிஷ் போட்டவளைக்கூடத் திருப்பி அனுப்பிடுவா."

"அப்ப பேட்ஜ் மட்டும் போயிருக்கு. கூடப் போன கை வேற."

"அதைத்தான் காலைல வாசக்காரிகிட்டக் கேட்டேன். அவளுக்கு மூஞ்சி எதுவும் ஞாபகமில்ல, அவ பாக்கறது கையைத்தான். சனிக்கிழமை ஒரு கையில விரல் நுனியெல்லாம் ஆச்சியோத்தே கறையாம். ரெண்டு தடவை தேய்ச்சுக் கழுவச் சொல்லிருக்கா."

வில்பெர்த் விசிலடித்தான். ஆச்சியோத்தே என்பது சோற்றுக்கும் மாவுக்கும் போடுகிற சிவப்பு விதை. விரலில் ஒட்டினால் மூன்று நாளைக்குப் போகாது. "அந்தக் கறை இல்லாத வீடு இந்த நாட்டுல ஏது?"

"நகம் வரைக்கும் ஏறணும்னா, வாழை இலையில கட்டி அவிக்கற தமாலேக்கு ஒரு பானை சோள மாவு பிசைஞ்சிருக்கணும். தமாலே எல்லாரும் டிசம்பர்ல செய்யறது. அக்டோபர்லயே யாரு செய்யறா? விக்கறவ. யோர்லேனியோட சித்தி மாரியேலோஸ் விக்கறா. யோர்லேனி தங்கியிருக்கறதும் அந்த வீட்டுலதான். பேட்ஜ் கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்கும்."

"சித்தியும் அதே ஆலைதானே?"

"இருபத்தோரு வருஷம். குடையைச் சோதிக்கற லைன்லயே ரொம்ப நல்ல கண்ணு. பித்தப்பை ஆபரேஷன்னு லீவுல இருக்கா, அதனால அவ பேட்ஜ் வேலை செய்யாது." எர்மீனியா நோட்டை மூடினாள். "என்னோட பழைய தோழி. அங்கதான் போறோம்."

பழைய ஐஸ் ஃபேக்டரியில் வில்பெர்த் இடதுபக்கம் திரும்பினான். அந்த ஃபேக்டரி அவன் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போதே எரிந்துபோயிற்று; ஊரில் விலாசம் மட்டும் இன்னும் அதை வைத்துத்தான். அங்கிருந்து இருநூறு மீட்டர் தெற்கு, பச்சைக் கேட். கேட்டில் அட்டை தொங்கியது: தமாலே கிடைக்கும்.

மாரியேலோஸ் ஏணி மேல் நின்று ஓட்டுக்கூரையின் தகரவாரியில் அடைத்திருந்த இலையை அள்ளிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் கையிலிருந்த இலை கீழே விழுந்தது. பிறகு சிரித்துக்கொண்டே இறங்கி வந்து எர்மீனியாவின் கன்னத்தில் கன்னம் வைத்தாள்.

"எர்மீ! ஆறு வருஷமா எட்டிப் பாக்காதவங்க. உக்காருங்க, காபி வடிக்கறேன்."

"பித்தப்பை ஆபரேஷன் பண்ணினவங்க ஏணி ஏறலாமா?" என்றான் வில்பெர்த்.

"டாக்டர் நடக்கச் சொன்னாரு, தம்பி."

"நடக்கச் சொன்னாரு. மேல்பக்கமான்னு கேட்டீங்களா?"

அவள் அடுப்படிக்குள் போனாள். வில்பெர்த் சுற்றிலும் பார்த்தான். மேசை மேல் வாழை இலைக் கட்டு, மாவுப் பானை. மூலையில் ஒரு கம்பியில் பச்சைக்கிளி உட்கார்ந்து, இவன் யார் என்பதுபோல் ஒற்றைக் கண்ணால் பார்த்தது.

"என்ன, மகாராணி? சௌக்கியமா?"

கிளி தொண்டையைச் சரிசெய்துகொண்டது. "ஈ!" என்றது. கொஞ்சம் நிறுத்தி, "எஃப், பி!" என்றது. மறுபடி நிறுத்தி, "டி, ஓ, இஸட்!"

"பாவம், பள்ளிக்கூடத்துல பாதியில நிறுத்திட்டாங்க போல. ஏ, பி, சி சொல்லு பாப்போம்."

"எஃப், ஈ, எல், ஓ, பி, இஸட்..." என்று மளமளவென்று ஓடிய கிளி சட்டென்று நின்றுபோனது. வராத எழுத்துக்குத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தது.

"டி," என்றாள் எர்மீனியா, மெதுவாக.

வில்பெர்த் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கத்தியைக் கழுத்தில் வைத்தவனிடம்கூடச் சிரித்துப் பேசியவள் இவள். அவன் கண்ணாலேயே பார்த்திருக்கிறான். அவனுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"பெட்டிப் பூட்டோட நம்பரா, தோன்யா?"

"இல்ல."

கிளி குரலை மாற்றிக்கொண்டது. அலுத்துப்போன ஒரு பெண் குரல். "மத்த கண்ணு!" என்று கட்டளையிட்டது. "நல்லது! அடுத்தவங்க வரலாம்!"

அடுப்படியில் ஒரு கோப்பை உடைந்தது.

எர்மீனியா எழுந்து உள்ளே போனாள். வில்பெர்த் பின்னாலேயே ஓடினான். மாரியேலோஸ் உடைந்த துண்டுகளுக்கு நடுவே நின்றாள். உப்புச் சாடிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் சொட்டு மருந்துப் புட்டி இருந்தது. எர்மீனியா அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"பித்தப்பை இல்ல. கண்ணு," என்றாள்.

மாரியேலோஸ் தலையாட்டினாள். "புரை. ரெண்டு கண்ணுலயும். ரெண்டாவது கண்ணு பண்ணிப் பதினஞ்சு நாள் ஆச்சு."

"அது வரைக்கும்?"

"மேகத்துக்குள்ள உக்காந்த மாதிரி. ஆலை நர்ஸ் வருஷா வருஷம் கண் டெஸ்ட் வைப்பா. சுவத்துல அதே எழுத்து அட்டை, ஒரு தடவைகூட மாத்தினதில்ல. இங்க உக்காந்து ஒப்பிச்சுப் பாத்துட்டுப் போவேன். அந்தச் சனியனும் கூடவே படிச்சிடுச்சு." அவள் குனிந்து ஒரு துண்டைப் பொறுக்கினாள். "வேலை போயிடும், எர்மீ. கண்ணு போன இன்ஸ்பெக்டரை யாரு வெச்சுக்குவா? ஆபரேஷனுக்கு வரிசை வர்ற வரைக்கும் தள்ளிடலாம்னு நெனச்சேன்."

"அப்புறம் கண்ணு தெரிஞ்சுது."

"யோர்லேனி இன்ஸ்பெக்டர் ஆகப் படிக்கறா. எப்படி இருந்தா நல்ல குடைன்னு கத்துக்க, நான் பாஸ் போட்ட மைக்ராஸ்கோப் படத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டாந்தா. சித்தி கையெழுத்துன்னா தப்பே இருக்காதுன்னு. நானூத்திப் பதினேழாம் லாட், ஒரே தொகுதியில இருபத்துநாலு குடை, இருபத்துநாலு படம். போன வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டு மேசையில பாத்தேன்." அவள் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். "ஏழு படத்துல வலை கிழிஞ்சிருக்கு. எந்தப் படம் எந்தப் பெட்டின்னு அதுல இல்ல."

வில்பெர்த்துக்கு விஷயம் இப்போதுதான் முழுசாக உறைத்தது. கிழிந்த குடை. அதுதான் அடைப்புக்கும் மூளைக்கும் நடுவில் காவல் நிற்கும். எர்மீனியா கேட்ட கேள்விக்குப் பதிலும் அதுதான். விற்க முடியாத பொருளைத் திருடுகிறவர் விற்பதற்காகத் திருடவில்லை.

மாரியேலோஸ் மாவு மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பையை இழுத்தாள். பன்னிரண்டு வெள்ளைப் பெட்டி, ஒன்றுகூடப் பிரிக்காமல் இருந்தது.

"மீதி பன்னெண்டு?"

"நான் போய்ப் பாத்தப்ப இல்ல. வியாழக்கிழமையே விநியோகத்துக்கு அனுப்பிட்டாங்க. அவங்களுக்கு ஃபோன் பண்ணினேன். பேரைச் சொல்லுங்க, எழுத்துல அனுப்புங்கன்னாங்க. வெச்சிட்டேன்."

எர்மீனியா ஏற்கனவே நம்பரைத் தட்டிக்கொண்டிருந்தாள். தொன் ரோனால்த் கொடுத்த அதிகாரக் கடிதத்தின் எண்ணைச் சொன்னதும் விநியோகப் பெண் கடகடவென்று பேசினாள். பன்னிரண்டும் சான் ஹோசேயில் ஒரே தனியார் கிளினிக்கின் அலமாரியில் இருக்கிறது. இல்லை, பதினொன்று. ஒன்றை இன்றைக்கு ஒரு மணிக்கு எடுக்கிறார்கள். யாருக்குத் தெரியுமா? பிங்கோ எவாரிஸ்தோவுக்கு!

வில்பெர்த் தலையில் கை வைத்தான். தொன் எவாரிஸ்தோ சூனிகா நாற்பது வருஷமாக ஊர்த் திருவிழாக்களில் பிங்கோ நம்பர் கூவுகிறவர். அவர் குரலுக்காகவே சீட்டு வாங்குகிறவர்கள் உண்டு. வில்பெர்த்தின் அம்மா அதில் ஒருத்தி.

"எந்தப் பக்கக் கழுத்து?" என்று எர்மீனியா ஃபோனில் கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டு வைத்தாள். "இடது. பேச்சைப் பாத்துக்கற மூளை அந்தப் பக்கம்தான். துகள் ஒண்ணு தப்பிச்சுப் போனாப் போதும், அந்த மனுஷன் எழுந்து உக்காருவாரு, ஆனா ஒரு நம்பர்கூடச் சொல்ல மாட்டாரு."

மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

கிளினிக் ஃபோன் பாட்டுப் போட்டது. பிறகு ஒரு குரல், டாக்டர் தயாராகப் போய்விட்டார், புகார் இருந்தால் மெயில் அனுப்புங்கள் என்றது. எர்மீனியா தொன் ரோனால்தைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் அடுப்படி முழுக்கக் கேட்டது.

"அது பாஸ் ஆன லாட், தோன்யா எர்மீனியா. பேப்பர் சுத்தமா இருக்கு. ஒரு வதந்தியை வெச்சு நான் ஃபோன் பண்ணி நிறுத்தினா நாளைக்கு மொத்த ஆலையும் நிக்கும். உங்களை எதுக்கு வெச்சேன்? திருடியைப் பிடிச்சீங்களா இல்லையா?"

எர்மீனியா ஃபோனை வைத்தாள். மாரியேலோஸைப் பார்த்தாள்.

"நான் போய்ச் சொன்னா யாரும் நிறுத்த மாட்டாங்க. அந்தப் பெட்டிக்குள்ள ஒரு சீட்டு இருக்கு. அதுல என் பேரு இல்ல. உங்க பேரு இருக்கு."

"யோர்லேனி வேலை போயிடும். அவ பேட்ஜ்ல போயிருக்கேன். என்னை உள்ள வெச்சாலும் வெப்பாங்க."

"ஆமா," என்றாள் எர்மீனியா. பொய் சொல்லி ஆறுதல் படுத்த அவள் முயற்சிக்கவில்லை.

மாரியேலோஸ் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அடுப்பை அணைத்தாள். "தம்பி, உங்க வண்டி எவ்ளோ வேகமா போகும்?"

"அதுக்கே தெரியாது. இன்னைக்குக் கேட்டுப் பாப்போம்."

நெடுஞ்சாலையில் மழை பிடித்துக்கொண்டது. எஸ்கசூ தாண்டுமுன் லாரி வரிசை. வில்பெர்த் ஓரத்தில் இறக்கினான், ஏற்றினான், ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. பின் சீட்டில் மாரியேலோஸ் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, ஜெபிக்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சபானா சிக்னலில் சிவப்பு விழுந்தது. பின்கதவு திறந்தது. கேக் பெட்டியோடு நனைந்துபோன ஒருவர் மாரியேலோஸ் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"குவாதலூபே போகணும். பொண்ணுக்குப் பிறந்தநாள், சீக்கிரம்."

"இது டாக்சி இல்லைங்க!"

"சிவப்பா இருக்கே?"

"என் மூக்குகூடத்தான் சிவப்பா இருக்கு, அதுல ஏறுவீங்களா? இறங்குங்க!"

பச்சை விழுந்தது. பின்னாலிருந்து பத்து ஹாரன் அலறியது. வில்பெர்த் மிதித்தான். கேக்காரர் கத்திக்கொண்டே கூட வந்தார்.

கிளினிக் வாசலில் மணி ஒன்று பதினெட்டு. காவலாளி குறுக்கே கையை நீட்டினான். அதற்குள் கேக்காரர் இறங்கி வில்பெர்த்தின் சட்டையைப் பிடித்துவிட்டார். தன்னைக் கடத்திவிட்டதாக அவர் போட்ட கூச்சலில் காவலாளி அங்கே ஓடினான். இரண்டு பெண்களும் உள்ளே நழுவினார்கள். வில்பெர்த் கேக்கில் கொஞ்சம் சட்டையில் வாங்கிக்கொண்டு, மன்னிப்பும் கேட்டுக்கொண்டு, இரண்டாம் மாடிக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு நின்றுவிடும்போல இருந்தது.

எக்ஸ்ரே திரைகள் இருக்கும் சின்ன அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆபரேஷன் மேசை. தொன் எவாரிஸ்தோ விழித்துக்கொண்டே படுத்திருந்தார். இதற்கு மயக்க மருந்து கொடுப்பதில்லை. அவர் வலது கையில் ஒரு ரப்பர் வாத்து. டாக்டர் சொல்லும்போதெல்லாம் அதை அமுக்க வேண்டும். அது கீச்சிட்டால் மூளை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

"அமுக்குங்க, தொன் எவாரிஸ்தோ," என்றார் டாக்டர் நூரியா செகூரா. வாத்து கீச்சிட்டது.

"வெளிய போங்க!" என்று நர்ஸ் எர்மீனியாவைத் தள்ளினாள். எர்மீனியா கதவோடு ஒட்டி நின்று வழியை மறித்துக்கொண்டாள். மாரியேலோஸ் மேசையிலிருந்த மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

"டாக்டர், பலூனை ஊதாதீங்க. நானூத்திப் பதினேழாம் லாட். அந்தப் பெட்டிக்குள்ள இருக்கற சீட்டுல கையெழுத்து போட்டவ நான்தான். மாரியேலோஸ் சிஞ்சில்யா. அந்தக் குடை கிழிஞ்சிருக்கலாம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் அசையாமல் நின்றார்கள். டாக்டர் கை கம்பியிலேயே இருந்தது. திரையில் கழுத்துக் குழாய் கறுப்பாகத் தெரிந்தது. அதன் குறுகின இடத்துக்கு மேலே குடை ஏற்கனவே விரிந்திருந்தது.

"கிழிஞ்சிருக்கலாமா, கிழிஞ்சிருக்கா?"

"இருபத்துநாலுல ஏழு கிழிசல். இது எதுன்னு தெரியாது."

"வெளிய எடுத்து வேற போடணும்னா அந்த அடைப்பை இன்னொரு தடவை தாண்டணும். அதுலயும் ஆபத்து இருக்கு. உங்க கையெழுத்து நல்ல குடைன்னு சொல்லுது. நீங்க இல்லைங்கறீங்க. நான் எதை நம்பறது?"

மாரியேலோஸ் மைக்கை நெருங்கிச் சொன்னாள்: "கையெழுத்து போட்டப்ப எனக்குக் கண்ணு தெரியல, டாக்டர். இப்பத் தெரியுது."

டாக்டர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு திரும்பினார். "வேற கம்பெனிக் குடையை எடுத்துட்டு வாங்க. இதை மடக்கறோம்."

வில்பெர்த் திரையையே பார்த்தான். அந்தச் சின்ன நிழல் சுருங்கி, கீழே நழுவி, குறுகின இடத்துக்குள் நுழைந்தது.

"அமுக்குங்க."

சத்தமில்லை.

"தொன் எவாரிஸ்தோ. வாத்தை அமுக்குங்க."

ஒன்றுமில்லை. மாரியேலோஸின் கை மைக்கிலிருந்து விழுந்தது. வில்பெர்த்துக்கு அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. டாக்டர் குனிந்து அவர் கண்ணைப் பார்த்தார்.

"தொன் எவாரிஸ்தோ!"

"இருங்க, டாக்டர்," என்றது ஒரு கனத்த, முழுசான குரல். "அந்த அம்மா பேசினதையே கேட்டுட்டிருந்தேன். கையை மறந்துட்டேன்." வாத்து இரண்டு தடவை கீச்சிட்டது.

நர்ஸ் சுவரில் சாய்ந்து அழுதேவிட்டாள். வில்பெர்த்தும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சட்டையிலிருந்த கேக் கிரீம் மூக்கில் ஒட்டியது.

புதுக் குடை போனது. பலூன் உப்பியது. ஸ்டென்ட் விரிந்தது. குடையை மடக்கி எடுத்தபோது அதற்குள் மஞ்சளாக, நொய் போல இரண்டு துகள்கள் கிடந்தன. டாக்டர் அதை அவர்களிடம் காட்டவே கண்ணாடிக்கு அருகில் வந்தார். இன்னொரு கிண்ணத்தில் உப்பு நீரில் முதல் குடை மிதந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியல," என்றார்.

மாரியேலோஸ் கண்ணாடியில் நெற்றி படக் குனிந்தாள். "விளிம்புல இருந்து மூணாவது வரிசை. கம்பி சேர்ற இடத்துக்கு இடது பக்கம்."

டாக்டர் உருப்பெருக்கிக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். நிறையநேரம் பார்த்தார். பிறகு நர்ஸிடம் சொன்னார், "அலமாரில இருக்கற பதினொண்ணையும் எடுத்துச் சீல் வைங்க. யாரும் தொடக் கூடாது."

வராந்தாவில் மாரியேலோஸ் பெஞ்சில் உட்கார்ந்து, டாக்டர் அனுப்பிய பேப்பரில் நடந்ததையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தாள். எர்மீனியா ஜன்னலருகில் மழையைப் பார்த்து நின்றாள். வில்பெர்த் பக்கத்தில் போனான்.

"ஜெயிச்சுட்டோம், தோன்யா. ஏன் எழவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க?"

அவள் ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியை விரலால் துடைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். கிளி பாதியில நின்னப்ப நீங்க முடிச்சு வெச்சீங்க. அது அட்டையில கடைசிக்கு முந்தின வரி. கண் டெஸ்டுக்குப் போனவங்க எல்லாருக்கும் மேல் வரி ஞாபகம் இருக்கும். அந்த வரி யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

"மனப்பாடம் பண்ணினவளுக்கு," என்றாள் எர்மீனியா.

வில்பெர்த் சட்டையிலிருந்த கேக்கைத் துடைப்பதை நிறுத்தினான்.

"எனக்கும் கண்ணு மங்கிச்சு, வில்பெர்த். புரை இல்ல, வேற. மூக்குக்கண்ணாடி போட்டா முகமூடிக்குள்ள ஆவி படிஞ்சிடும். ஒரு நாள் ஆலை நர்ஸ் காபி குடிக்கப் போனப்ப அட்டை மொத்தத்தையும் ஒரு காகிதத்துல எழுதிக்கிட்டேன். என் லாக்கர் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வெச்சேன். ரெண்டு வருஷம் அப்படித்தான் பாஸ் ஆனேன். அப்புறம் பயம் வந்துச்சு. போரடிக்குதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "காகிதத்தை எடுத்துட்டு வரல."

பெஞ்சிலிருந்து மாரியேலோஸ் நிமிர்ந்து பார்த்தாள். "அது நீங்க எழுதினதா, எர்மீ? அதை நாங்க எல்லாருமே பாத்து எழுதிக்கிட்டோம். லைன்ல பதினாலு பேரு."

எர்மீனியாவின் ஃபோன் அடித்தது. தொன் ரோனால்த். அவள் எடுத்தாள்.

"திருடி கிடைச்சாளா?"

"பன்னெண்டு பெட்டியும் கிடைச்சிருச்சு. அதை விடுங்க. இப்பவே லைனை நிறுத்துங்க. பதினாலு பேருக்கும் புது அட்டையில கண் டெஸ்ட் வைங்க. அவங்க பாஸ் போட்ட எதுவும் வெளிய போகக் கூடாது, போனதெல்லாம் திரும்பி வரணும்."

"உங்களுக்குப் பைத்தியமா? எதை வெச்சு நிறுத்தச் சொல்றீங்க? எந்த வருஷத்துல இருந்து?"

"எட்டு வருஷத்துல இருந்து," என்றாள். "பேப்பர் எடுங்க, பேரு சொல்றேன். அந்த அட்டையை முதல்ல மனப்பாடம் பண்ணினவ பேரு. எர்மீனியா உலாத்தே. ரெண்டு வருஷம் கண்ணு சரியாத் தெரியாம உங்க ஆலையில நல்ல குடைன்னு கையெழுத்து போட்டவ. எழுதிட்டீங்களா?"